நாலாம் நாள் டிக்கெட்

1

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் என் அண்ணனைப் பற்றி மூன்று கதைகள் உலவுவதாகக் கேள்வி. ஆஸ்திரேலியா போனவரை விமான நிலையத்தோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்பது ஒன்று. மைதானத்துக்குள் போய் ஆட்டம் முடியும்வரை குறட்டை விட்டுத் தூங்கினார் என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் அநியாயம். அவர் போகவே இல்லையாம், வேளாங்கண்ணியில் ரூம் போட்டுத் தங்கிவிட்டு வந்து மெல்போர்ன் என்று அளக்கிறாராம். இந்தக் கதையைக் கட்டிவிட்டது யார் என்று எனக்குத் தெரியும். அண்ணன் கடைக்கு எதிரே செண்டுமல்லி விற்கிற ஆள். பேர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்.

போன வாரம் எங்கள் கோயில் வாட்ஸப் குழுவில் ஒரு மகராசி எல்லோரும் பார்க்கும்படி கேட்டே விட்டாள். "ஏத்தா ஸ்டெல்லா, ஒங்க அண்ணன் மாட்சு பாத்தாரா இல்லியா? ஒத்த வார்த்தையில சொல்லு." ஒத்த வார்த்தையில் சொல்ல முடிந்தால் எப்போதோ சொல்லியிருப்பேனே. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிரிக்கெட் தெரியாது. ஆட்டத்தைப் பற்றி நான் எழுதுவதில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆளைப் பற்றி எழுதுவதில் தப்பு இருக்காது.

2

தெரியாதவர்களுக்காக: என் அண்ணன் பேர் அந்தோணி. பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. வெள்ளோடு, தாடிக்கொம்பு, அகரம் பக்கத்திலிருந்து விவசாயிகள் கொண்டுவரும் மல்லியையும் சம்பங்கியையும் ஏலம் போட்டு விற்றுக்கொடுப்பது அவர் வேலை. நான் அவருக்கு ஒரே தங்கச்சி. நர்சிங் படித்து, கல்யாணமாகி, பதினெட்டு வருஷமாக மெல்போர்னில் இருக்கிறேன். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் வேலை. ஒரே மகள், ஷெரின். பதினாறு வயது.

பூ மார்க்கெட் விடியும் முன்பே சுறுசுறுப்பாகிவிடும். டிசம்பரில் மெல்போர்னில் டெஸ்ட் மாட்ச் தொடங்கும் நேரம் திண்டுக்கல்லில் காலை ஐந்து மணி, ஏலம் சூடு பிடிக்கும் நேரம். அண்ணன் கடையில் பனிக்குத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு கூட்டம் நிற்கும். ஒரு கண் தராசில், ஒரு கண் டிவியில். முன்பெல்லாம் ரேடியோ. நான் பள்ளிக்கூடம் படிக்கையில் அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோனால், ரேடியோவில் இங்கிலீஷில் ஒரு மனிதன் மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருப்பான். அண்ணன் தாளில் சம்பங்கியைக் கட்டிக்கொண்டே அதைத் தமிழில் கூட்டத்துக்குச் சொல்வார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அப்படி வந்ததுதான். அதனால் அண்ணன் இங்கிலீஷ் பேசினால் யாரோ அவுட்டான மாதிரியே இருக்கும்.

அந்த மைதானத்தை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு இருந்த ஒரே ஆசை. வீடு கட்டினார், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார், கடையை மகன் கையில் கொடுத்தார். போன வருஷம் ஆனி மாதம் ஒரு நாள் போன் வந்தது.

"பாப்பா, இந்தத் தடவ நம்ம டீமு ஒங்க ஊர்ல ஆடுதாம்ல. நானும் வாரேன்."

எனக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. ஆனாலும் அவருக்கு நான் பாப்பாதான்.

"நெசமாவாண்ணே?"

"பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டாச்சு. ஒங்க மதினிக்கு மட்டும் தெரியாது."

"மதினிகிட்டச் சொல்லாமயா?"

அந்தப் பக்கம் மதினி குரல் கேட்டது. "எனக்கு எல்லாந் தெரியும். இவரக் கூட்டிக்கோ ஸ்டெல்லா, ஒரு வாரமாச்சும் கடை நிம்மதியா இருக்கும்."

எனக்குச் சந்தோஷம் பொங்கியது. கூடவே, சொன்னால் என்ன, கொஞ்சம் கோபமும் வந்தது. நான் இங்கே வந்து இத்தனை வருஷத்தில் ஊரிலிருந்து ஆட்கள் வராமல் இல்லை. ஷெரின் பிறந்தபோது அம்மா வந்தார்கள். எனக்கு ஆபரேஷன் என்றபோது சித்தி மகள் வந்தாள். என் வீட்டுக்காரருக்கு முதுகு போனபோது மாமியார் வந்தார்கள். அண்ணன் மட்டும் வந்ததே இல்லை. "பூ நிக்காது பாப்பா" என்பார். அது உண்மைதான், ஒரு நாள் விட்டால் வாடிப்போகும் வியாபாரம். ஆனால் கிரிக்கெட்டுக்கு மட்டும் பூ நிற்குமாக்கும் என்று தோன்றத்தான் செய்தது.

3

பயணத்துக்கு நாள் குறிப்பதில்தான் வினை தொடங்கியது.

மாட்ச் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும். அப்படியானால் கிறிஸ்துமஸுக்கு முன்பே கிளம்பியாக வேண்டும். அது நடக்காது. எங்கள் கோயிலில் கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசைக்குப் பீடம் ஜோடிப்பது அண்ணன்தான். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டு வேலை அது. மார்கழிப் பனியில் மல்லி வரத்துக் குறைந்து விலை ஏறிக் கிடக்கும். இருந்தாலும் நல்ல பூவாகப் பொறுக்கி எடுத்து, ஏணி போட்டு ஏறி, ஒரு ஆளையும் கிட்ட விடாமல் ஜோடிப்பார். பங்குச்சாமியார் ஏதாவது யோசனை சொன்னால்கூட, "சாமி, நீங்க பூசை வைங்க, பூவ நான் வைக்கிறேன்" என்பார்.

"மகன்கிட்ட விட்டுட்டு வாண்ணே" என்றேன்.

"அவனா? செண்டுமல்லிய வச்சுக் கல்யாண மண்டபம் மாதிரி பண்ணிருவான்."

ஆக, கிறிஸ்துமஸ் முடிந்து கிளம்பினால் மாட்ச் பாதியில்தான் இங்கே இறங்க முடியும். இதற்கு அண்ணன் கொண்டுவந்த தத்துவம்தான் நாலாம் நாள் டிக்கெட்.

"நாலாம் நாளைக்கு டிக்கெட் போடு பாப்பா."

"ஏண்ணே, மொத நாள்தான் விசேஷம்னு இங்க சொல்றாங்க."

"நம்ம கோயில் திருவிழாவ நெனச்சுப் பாரு. மொத நாளு கொடியேத்தம். கொடியேத்தத்துக்கு உள்ளூர்க்காரன் போவான். வெளியூர்ல இருந்து வாரவன் எதுக்கு வருவான்? சப்பரத்துக்குத்தேன வருவான்? அஞ்சு நாள் மாட்சுல நாலாம் நாளுதேன் சப்பரம். அன்னிக்குத்தேன் பந்து திரும்பும், அன்னிக்குத்தேன் ஆட்டம் எங்கிட்டுப் போகும்னு தெரியும்."

எனக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. நான் திருவிழா பார்த்து வளர்ந்தவள். கொடியேற்றத்துக்கு மெனக்கெட்டு வெளியூரிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரரையும் நான் கண்டதில்லை. என் வீட்டுக்காரர் ஜான் மட்டும் தலையைச் சொறிந்தார். "இப்பல்லாம் மூணு நாள்லயே முடிச்சிர்றாய்ங்க ஸ்டெல்லா. நாலாம் நாளுங்கிறது ரிஸ்க்கு."

"எங்க அண்ணனுக்குத் தெரியாததா ஒங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு?" என்றேன். பிறந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் சொன்னால் எனக்கு ரோஷம் வந்துவிடும். அன்றைக்கே நாலாம் நாளுக்கு மூன்று டிக்கெட் வாங்கிவிட்டேன், அவருக்கு, எனக்கு, ஷெரினுக்கு. ஜான் வரவில்லை என்றார். நல்லதாகப் போயிற்று.

விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது இன்னொரு சண்டை. வருகிற காரணம் என்ன என்று கேட்கும் இடத்தில், தங்கச்சியைப் பார்க்க என்று போடச் சொன்னேன். அண்ணன் ஒப்பவில்லை.

"கிரிக்கெட்டுன்னு போடணும். கவுருமெண்டுகிட்டப் பொய் சொல்லக் கூடாது."

"அப்ப என்னையப் பாக்க வாரது பொய்யா?"

"ஏத்தா, ஒன்னையும் போடுறேன். ரெண்டாவதா."

ரெண்டாவதாகவே போட்டார். எனக்கு அன்று முழுக்க மனசு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், விசா வந்துவிட்டது.

அதன் பிறகு தினம் போன். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் முதுகுக்கு வெயில், எந்தப் பக்கம் பவுலர் கை தெரியும் என்று அவரே சொன்னார். "மைதானத்துல வெள்ளையா ஒரு பறவ எறங்கி நடக்குமே, அது சாப்பாட்டப் புடுங்குமா?" என்று கேட்டார். நான் சொன்னது ஒன்றுதான்: பூ கொண்டுவராதே, விதை கொண்டுவராதே, சிறுமலைப் பழம் கொண்டுவராதே, இங்கே விமான நிலையத்தில் நாயை விட்டு மோப்பம் பிடிப்பார்கள். "ஒத்த முழம்கூடவா?" என்றார். ஒத்த முழம்கூடக் கூடாது என்றேன். பூக்கடைக்காரன் தங்கச்சி வீட்டுக்குப் பூ இல்லாமல் வருவதா என்று நினைத்திருப்பார்.

4

மாட்ச் தொடங்கிய அன்று நான் வேலையில் இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எனக்கு எப்போதும் டூட்டிதான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லாம் குடும்பத்தோடு இருக்க லீவு கேட்பார்கள், விடுமுறை நாள் என்பதால் சம்பளமும் கூடுதல். யாராவது வர வேண்டும் என்றால் மேலாளர் முதலில் என்னைத்தான் பார்ப்பார். எங்கள் இல்லத்தின் பொது அறையில் பெரிய டிவி உண்டு. அதன் முன்னால் சக்கர நாற்காலிகளில் நாலைந்து தாத்தாக்கள், மடியில் கம்பளி, கையில் டீ. நான் மாத்திரை கொடுக்கப் போகும் சாக்கில் ஒவ்வொரு முறையும் கேட்டேன்.

"முடிஞ்சிடுமா?"

"இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கு, கண்ணு" என்றார் ஒருவர். நான் இந்தியாக்காரி, இந்தியா ஜெயிக்க வேண்டும் என்று தவிக்கிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். யார் ஜெயித்தால் எனக்கென்ன? முடியக் கூடாது, அவ்வளவுதான். யாராவது நாலு ரன் அடித்தால் நன்றாக இருந்தது. யாராவது ஒன்றுமே அடிக்காமல் மட்டையை முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றால் இன்னும் நன்றாக இருந்தது. எங்கள் ஆள் ஒருவன் ஆசைப்பட்டுத் தூக்கி அடித்து அவுட்டானபோது என்னையறியாமல் "ஏன்டா, ஒனக்கு என்ன அவசரம்?" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். தாத்தாக்கள் கைதட்டினார்கள்.

இரண்டாம் நாள் விக்கெட்டுகள் மளமளவென்று விழுந்தன. விமானம் ஏற அண்ணன் திருச்சிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். மதினியிடம் பேசினேன்.

"மதினி, மாட்சு நிக்காது போல இருக்கே."

"நான் காலையிலயே மாதாகிட்ட மெழுகுவத்தி ஏத்திட்டேன். ஒருத்தனும் அவுட் ஆகக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

"நம்மாளுகளா, அவங்களா?"

"எவனா இருந்தா என்ன? ரெண்டு பக்கமும்தேன்."

மதினிக்கும் எனக்கும் மற்ற விஷயங்களில் ஒத்துப்போனதில்லை. இதில் ஒத்துப்போனது.

மூன்றாம் நாள், அண்ணன் கோலாலம்பூரில் விமானம் மாறும்போது போன் பண்ணினார். அங்கே யாரிடமோ கேட்டு வைஃபை பிடித்திருந்தார். பின்னால் அறிவிப்புக் குரல்கள், அதற்கும் மேலே அவர் குரல்.

"எத்தன போயிருக்கு?"

"நாலுதாண்ணே."

"அப்ப பயமில்ல. இன்னும் ஆறு இருக்குல்ல. இன்னிக்குப் பொழுத ஓட்டிருவாய்ங்க. நாளைக்குப் போறோம், தொப்பி எடுத்து வச்சிரு."

அவர் விமானம் ஏறினார். இங்கே சாப்பாட்டு இடைவேளை முடிந்து ஆட்டம் தொடங்கியது. என்ன நடந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு அறையில் பாட்டிக்கு முதுகு துடைத்துவிட்டுத் திரும்பி வந்தேன், ஏழு. இன்னொரு அறையில் படுக்கை மாற்றிவிட்டு வந்தேன், ஒன்பது. அப்புறம் டிவியில் எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். தாத்தாக்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் நடுங்கும் கையால் என் கையைத் தட்டி, "அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றார். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சிரிப்பீர்கள். ஆனால் அழுதேன்.

5

அன்று ராத்திரி ஜான் காரை ஓட்ட, விமான நிலையத்துக்குப் போகும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். 'அண்ணே, ஒரு விஷயம்' என்று தொடங்குவதா, முதலில் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பிட வைத்துவிட்டுச் சொல்வதா? பின்னால் இருந்த ஷெரின் காதிலிருந்த ஒயரைக் கழற்றாமலே, நேராகச் சொல்லிவிடு என்று இங்கிலீஷில் சொன்னாள். அவளுக்குத் தமிழ் புரியும். பேசுவது நின்று போய் மூன்று நான்கு வருஷம் ஆயிற்று. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அப்படியே எங்கள் வீட்டில் பழகிவிட்டது. மாமாவைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு ஒன்பது வயது.

கதவு திறந்து அண்ணன் வந்தார். புதுப் பேண்ட், புது ஷூ, தலையில் இப்போதே தொப்பி. தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா. ஒண்ணு சொல்றேன், வெசனப்படக் கூடாது."

"நானும் ஒண்ணு சொல்லணும்ணே."

"இரு, நான் சொல்லிர்றேன். மாட்சு முடிஞ்சு போச்சாம்."

அவருக்கு எப்படித் தெரியும்?

"உள்ள ஒரு ஆபீசரு, எதுக்கு வந்தீகன்னு கேட்டாரு. கிரிக்கெட்டுன்னேன். செல்லுல டிக்கெட்டக் காட்டுனேன். அதைப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு, பக்கத்து ஆபீசரக் கூப்புட்டுக் காட்டுனாரு. ரெண்டு பேரும் ஏதோ பேசிக்கிட்டாக. பாஸ்போட்டுலதேன் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன். அப்பறம் அந்த மனுசன், சாரி சார், மேட்ச் ஃபினிஷ்டுன்னாரு. மூணு தடவ சாரி சொன்னாரு பாப்பா. பாவம், மொகமே வாடிப்போச்சு. நாந்தேன் ஆறுதல் சொன்னேன். நோ பிராப்ளம் சார், மை சிஸ்டர் ஈஸ் ஹியர்னுட்டு வந்தேன்."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஷெரின்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் ஜான், அப்புறம் நான். அண்ணனும் சிரித்தார். "ஏப்பா ஜானு, நீ சொன்னதுதேன் சரி" என்றார். அதை மட்டும் அவர் சொல்லியிருக்க வேண்டாம். ஜான் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

ஆனால் மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது, அண்ணன் குளித்து, பேண்ட் சட்டை போட்டு, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார். டிவி அணைந்து கிடந்தது. எங்கேயும் கிளம்பாத ஒருவர் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்க்க முடியவில்லை. ஊரில் இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்கு ஆட்டத்தைச் சொன்னவர். ஒத்த பந்து, ஒத்த பந்து நேரில் பார்த்திருக்கக் கூடாதா?

"என்னண்ணே?"

"சும்மாதேன். நேரம் பழகிப்போச்சுல்ல." பிறகு மெதுவாகச் சொன்னார், "வெளிய இருந்தாச்சும் பாத்துட்டு வந்துருவமா?"

6

ஆட்டம் இல்லாத நாட்களில் மைதானத்தைச் சுற்றிக் காட்டுவார்கள் என்று ஷெரின் தேடிக் கண்டுபிடித்தாள். இரண்டு நாள் கழித்து மூன்று பேரும் ரயிலில் போனோம். அது நான் தினம் வேலைக்குப் போகும் ரயில். அந்த மைதானத்தின் விளக்குக் கம்பங்களைத் தினமும் ஜன்னல் வழியே பார்க்கிறேன். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன், இறங்க இன்னும் எத்தனை நிறுத்தம் என்று தெரியும். அண்ணன் ஜன்னலில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, "இதா? இதா?" என்று ஒவ்வொரு கட்டிடத்தையும் கேட்டுக்கொண்டு வந்தார். கம்பங்கள் தெரிந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டார். எதிரில் இருந்த பெண்மணி அவரைப் பார்த்துவிட்டுத் தானும் திரும்பி ஜன்னல் வழியே பார்த்தாள்.

சுற்றிக் காட்ட வந்தது ஒரு வெள்ளைக்கார அம்மாள், அறுபது வயதிருக்கும், நல்ல சிரிப்பு. அண்ணனுக்குக் கேட்க ஏராளம் இருந்தது. என் இங்கிலீஷ் ஆஸ்பத்திரி இங்கிலீஷ், வலிக்கிறதா, திரும்பிப் படுங்கள், சாப்பிட்டீர்களா. கிரிக்கெட்டுக்கு உதவாது. ஷெரின்தான் நடுவில் நின்றாள்.

"மருமகளே, ரேடியோவுல பேசுறவுக எங்க உக்காருவாகன்னு கேளு."

அவள் கேட்டுச் சொன்னாள். திருப்பிச் சொல்லும்போது தமிழ் தேவைப்பட்டது. "மாமா, அங்க. மேல. அந்தக் கண்ணாடி... ரூம்." தட்டுத் தடுமாறித்தான் சொன்னாள். அண்ணன் திருத்தவில்லை, சிரிக்கவில்லை. "அப்பிடியா தாயி" என்று அடுத்ததைக் கேட்டார். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், மழை பெய்தால் தண்ணீர் எங்கே வடியும், புல்லை எத்தனை நாளைக்கு ஒரு தடவை வெட்டுவார்கள். சுற்றிப் பார்க்க வந்த மற்றவர்கள் அலுத்துப்போய் முன்னால் நகர்ந்துவிட்டார்கள். அந்த அம்மாளுக்கு அலுக்கவில்லை. கீழே கூட்டிப்போய், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று புல்லைத் தொட்டுப் பார்க்கலாம் என்றாள். அண்ணன் குனிந்து உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அப்புறம் கையை மூக்குக்குக் கொண்டுபோனார். பூ வியாபாரிக்கு எதைத் தொட்டாலும் மோந்து பார்க்காமல் இருக்க முடியாது.

மேலே வந்து நாற்காலிகளில் உட்கார்ந்தோம். அவ்வளவு பெரிய இடத்தில் நாங்கள் மூன்று பேர். தூரத்தில் யாரோ குப்பை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நீ எத்தன தடவ வந்திருக்க பாப்பா?"

"எங்க?"

"இங்கனதேன். உள்ள."

"வந்ததே இல்லண்ணே."

அவர் நம்பவில்லை. "தெனம் இந்த வழியாத்தேன போற?"

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கொட்டிவிட்டேன். "போறேன். போய் வேலை பாக்கிறேன், வந்து சோறாக்குறேன், படுக்கிறேன். என்னைய யாரு இங்க கூட்டிட்டு வருவா? ஊர்ல இருந்து வாரவுக எல்லாம் பிள்ளை பெத்தா வருவாக, ஒடம்பு சரியில்லன்னா வருவாக. சும்மா என்னையப் பாக்கணும்னு ஒருத்தராச்சும் வந்திருக்கீகளா? நீயும் கிரிக்கெட்டுக்குத்தான வந்த? அதுல நான் ரெண்டாவது."

ஷெரின் தலையைக் குனிந்து போனைப் பார்த்தாள். அண்ணன் தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டினார்.

"நம்மாளுக்கு அப்பிடித்தேன் பாப்பா பழக்கம்" என்றார். "கடல் தாண்டி ஒருத்தரப் பாக்கக் கெளம்புறோம்னா அவுகளுக்கு ஏதோ சரியில்லன்னு அர்த்தம். ஒனக்கு ஒண்ணும் கொறையில்ல. கொறையில்லாத தங்கச்சியப் பாக்க என்ன காரணம்னு சொல்லிட்டு வாரது? மார்க்கெட்டுல எல்லாவனும் கேப்பான், என்னப்பா, ஸ்டெல்லாவுக்கு மேலுக்கு முடியலியான்னு. அதக் கேக்க எனக்குப் பிடிக்கல." பிறகு, "மாட்சும் பாக்கணும்னுதேன் வந்தேன், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஒன்னையும் பாக்கணும்னுதேன் வந்தேன். எது மொதன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல ஆத்தா."

நான் அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். அண்ணன் தோளில் சாய்ந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்கு நினைவில்லை. ஷெரின் பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்மா ஒருத்தருக்குத் தங்கச்சி என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்த மாதிரி இருந்தது.

மிச்சமிருந்த நாட்களில் நாங்கள் ஊர் சுற்றினோம். கடற்கரைக்குப் போனோம், மலைக்குப் போனோம், சந்தைக்குப் போய் அங்கே பூ விற்கிற இடத்தில் அண்ணன் ஒரு மணி நேரம் நின்று, விலையைக் கேட்டு நெஞ்சில் கை வைத்தார். நான் பதினெட்டு வருஷத்தில் பார்க்காததை எல்லாம் பத்து நாளில் பார்த்தேன். விமானம் ஏறும்போது அவர் அழவில்லை, நான்தான் அழுதேன். அதனால், கேட்ட மகராசிக்கு என் பதில்: இல்லை, மாட்ச் பார்க்கவில்லை. வேளாங்கண்ணியிலும் தங்கவில்லை.

7

இதோடு முடித்திருப்பேன். ஆனால் கார்த்திகை பிறந்ததும் அண்ணன் போன் பண்ணினார். இந்த வருஷம் இங்கே ஆடுவது வேறு ஏதோ நாடு, நம் டீம் இல்லை.

"டிக்கெட் வாங்கிட்டியா?"

"நீ வாரியாண்ணே?"

"நான் எங்கிட்டு வர? ஒனக்கும் மருமகளுக்கும். மொத நாளுக்கு வாங்கு."

"மொத நாளா? அன்னிக்கு எனக்கு டூட்டிண்ணே."

"லீவு போடு."

போட்டேன். மேலாளர் நான் எழுதிக் கொடுத்ததை இரண்டு தடவை படித்தார். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். ஒன்றுமில்லை, கிரிக்கெட் பார்க்கப் போகிறேன் என்றேன்.

நேற்று போனோம். உள்ளே நுழைந்ததும் படியிலேயே நின்றுவிட்டேன். போன வருஷம் நாங்கள் மூன்று பேர் இருந்த அதே இடம், அண்டாவில் பயிறைக் கொட்டின மாதிரி ஜனம். பாட்டு, சத்தம், வெயில். முதல் பந்து போட ஓடி வருகிறான், என் போன் அடிக்கிறது. அந்தப் பக்கம் மார்க்கெட் இரைச்சல், ஏலக் குரல், அதற்கு மேல் அண்ணன்.

"எங்கன இருக்கீக? எந்தப் பக்கம்?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஷெரின் போனை வாங்கினாள். "மாமா, ஸ்கோர்போர்டுக்கு எதிர்ல. கீழ. நான் மஞ்ச சட்ட."

"எந்திரிச்சு நில்லுங்க. கைய ஆட்டுங்க. இங்கன எல்லாரும் டிவிய விட்டு நகராம நிக்கிறாய்ங்க."

எழுந்து நின்றோம். எந்தக் கேமரா, எந்தப் பக்கம், ஒன்றும் தெரியாது. ஐம்பது வயதுப் பொம்பளை, சுடிதார் துப்பட்டாவை எடுத்து ஆட்டினேன்.

"தெரியுதாண்ணே?"

"தெரியல பாப்பா. இன்னும் செத்த நேரம் ஆட்டு. விட்டுறாத."

பின்னால் இருந்த வெள்ளைக்காரர், தடியான ஆள், உட்காருங்கள், மறைக்கிறது என்றார். நான் பயந்து உட்காரப் போனேன். ஷெரின் என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். மன்னிக்கணும், எங்க மாமா இந்தியாவில் எங்களைத் தேடிக்கொண்டிருக்கிறார், இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று இங்கிலீஷில் சொன்னாள்.

அவர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். பிறகு சிரமப்பட்டு எழுந்து, தலையிலிருந்த பெரிய தொப்பியைக் கழற்றி, அவரும் ஆட்ட ஆரம்பித்தார்.